வரம்புக்குள் வராத மூக்கு

"என் மூக்கு தப்புன்னு எவனாவது ஒருத்தன் நிரூபிக்கட்டும். அன்னிக்கே இந்த மூக்க அறுத்து குப்பம்மா யக்கா கையில குடுத்துடறேன். உப்பு போட்டு, நாலு நாள் காய வெச்சு, கூறு கட்டி வித்துக்கட்டும்!"

மேற்படி பிரகடனம் எண்ணூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியிடப்பட்டது. கருத்துக் கேட்புக் கூட்டம் என்ற பெயரில், யாருடைய கருத்தையும் கேட்காமல் நடந்துகொண்டிருந்த ஒரு கூட்டத்தில், மைக்கைப் பறித்துக்கொண்டு வெளியிட்டவர் பிராங்கிளின். வயது ஐம்பத்தாறு. ராயபுரத்தில் பிறந்து, ரோஸ்மேரியைக் கட்டிக்கொண்ட பிறகு எண்ணூருக்கு வந்தவர். கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மேடையில் இருந்த அதிகாரி அதற்குச் சற்று முன்புதான், "பொதுமக்கள் நாற்றம் வருகிறது என்று சொல்வதெல்லாம் அறிவியல் ஆகாது" என்று அருளியிருந்தார். கூட்டம் பிராங்கிளினுக்குக் கைதட்டியது. கருவாட்டு வியாபாரி குப்பம்மா மட்டும் எழுந்து, "எனக்கு வேணாம் நைனா, அதுல முள்ளு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பிராங்கிளின் வெறும் வாய்ச்சவடால்காரர் அல்ல. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மதிலோரத் தெருவில் வீடுகள் ஒரு பக்கம்தான். பதினோரு வீடுகள். எதிர்ப்பக்கம் முழுக்க மதில். மதிலுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை. அது என்ன தயாரிக்கிறது என்பது தெருவில் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. என்ன வெளியே விடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. "மதிலு இன்னிக்கு மூச்சு வுடுது" என்று ஒரு குரல் வந்தால் போதும், பதினோரு வீட்டு ஜன்னல்களும் படபடவென்று சாத்தப்படும்.

இந்தத் தெருவில் பிராங்கிளினுக்கு ஒரு பதவி இருந்தது. சம்பளம் கிடையாது, நியமன உத்தரவும் கிடையாது. காலை ஏழு மணிக்கு மொட்டை மாடிக்கு ஏறுவார். கிழக்கே கடலைப் பார்த்து ஓர் இழுப்பு. மேற்கே மதிலைப் பார்த்து ஓர் இழுப்பு. கண்ணை மூடிக்கொள்வார். கீழே துணி வாளியோடு பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"அண்ணே, காயப் போடலாமா?"

"வெள்ளத்துணி வேணாம். கலரு போடு. பத்தரைக்கு எடுத்துடு, சாம்பலு வருது."

பத்தரைக்குச் சாம்பல் வரும். எடுக்காதவர்கள் இரண்டாம் முறை துவைப்பார்கள். அழுகிய முட்டை வாடை என்றால் மதிலில் எந்தக் குழாய், டயர் கருகிய வாடை என்றால் எந்தக் குழாய் என்று அவர் விரல் நீட்டிச் சொல்வார். கண்ணில் வெங்காயத்தைப் பிழிந்த மாதிரி எரிந்தால் குழாயெல்லாம் பார்க்க மாட்டார், "புள்ளைங்கள தூக்கினு கடற்கரைக்கு ஓடு!" என்று கத்துவார். இவ்வளவு படிப்பையும் அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. மதில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தது.

படித்ததை அவர் மனுவாகவும் எழுதினார். ஏழு ஆண்டுகளில் காற்றுக் குறைதீர் அலுவலகத்துக்கு அறுபத்து மூன்று மனுக்கள். பதில்களும் அறுபத்து மூன்று வந்தன. அரசுப் பணியில் இத்தனை ஒழுங்கு அபூர்வம் என்பதால் குறிப்பிட வேண்டியிருக்கிறது. எல்லாம் ஒரே பதில்: "தங்கள் பகுதியில் காற்றின் அளவீடுகள் வரம்புக்குள் உள்ளன." அந்த அளவீட்டை எடுக்கும் கருவி எங்கே இருக்கிறது என்று பிராங்கிளின் ஒருநாள் லீவு போட்டுவிட்டுத் தேடிப் போனார். அது நாலு கிலோமீட்டர் தள்ளி, அந்த அலுவலகத்தின் மாடியில், ஒரு வேப்பமரத்தின் நிழலில், மிகவும் ஆரோக்கியமாக இருந்தது.

நாற்பத்தொன்றாவது மனுவைப் பற்றி விளையாட்டாகச் சொல்ல முடியாது. ஒரு சாயங்காலம், ஜெபமாலை பாதியில் இருக்கும்போது, வெங்காய எரிச்சல் வந்தது. தெரு முழுக்கக் கடற்கரைக்கு ஓடியது. ஏற்கெனவே இழுப்புக்காரியான ரோஸ்மேரி பாதி வழியில் விழுந்தாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாள். மூன்றாம் நாள் காலை, அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிராங்கிளினின் செல்போன் கிணுகிணுத்தது. விழுந்த ராத்திரியே அனுப்பிய மனுவுக்குப் பதில் வந்திருந்தது. வரம்புக்குள்.

அன்றிலிருந்துதான் அவருக்கு ரத்தக்கொதிப்பு. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "கோபத்த கொறைங்க. ஏதாவது செடி கிடி வளருங்க, மனசு அமைதியாகும்" என்றார். மாத்தூரில் இருக்கும் ரோஸ்மேரியின் அக்கா, "அந்த கலீஜ்ல எதுக்குக் கெடக்குறீங்க, இங்க வந்துடுங்க" என்றாள். பிராங்கிளின் இரண்டாவது யோசனையைக் கெட்ட வார்த்தையாக எடுத்துக்கொண்டார், முதலாவதை ஏற்றுக்கொண்டார்.

ரோஜா வைத்தார். சாம்பல் தின்று செத்தது. செம்பருத்தி வைத்தார். இலை பொத்தல் பொத்தலாகிச் செத்தது. ஒவ்வொரு செடி செத்தபோதும் மாடியில் நின்று மதிலைப் பார்த்து ஒரு மணி நேரம் திட்டினார். மாத்திரையின் அளவு கூடியது.

அப்போதுதான் ராயபுரத்துப் பழைய கூட்டாளி அமீருதீன் வந்தான். கப்பலில் ஃபிட்டர். ஆப்பிரிக்கக் கரையில், ஜிபூத்தியில் தெரிந்தவர் தோட்டத்திலிருந்து நாலு தண்டுகளை டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். இலை இல்லை. கட்டைவிரல் தடிமன், சாம்பல் கலந்த பச்சை, நாலு பக்கமும் பல் பல்லாக முள்.

"இன்னாடா இது, ஓணான் வாலு மாதிரி கீது?"

"பேரு எடித்கோலியா, மாமு. பாலைவனத்து சரக்கு. சோமாலியா, ஏமன் பக்கம் பாறையில மொளைக்கறது. மெட்ராஸ்ல உயிரோட வெச்சிருக்கவன கை வெரல்ல எண்ணிடலாம். சோறு கேக்காது, தண்ணி கேக்காது. உன்ன மாதிரியே ஒடம்பு பூரா முள்ளு. பூத்தா மட்டும் பாரு, ஜமக்காளத்த விரிச்ச மாதிரி இருக்குமாம்."

"இருக்குமாம்னா? நீ பாத்ததில்லையா?"

"போட்டோல பாத்தேன் தோஸ்து."

போட்டோவில் பார்த்த ஒரு விஷயத்தைப் பற்றி அமீருதீன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. போட்டோவில் தெரியாததை அவன் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அமைதி தரும் என்று நம்பப்பட்ட அந்தச் செடி, பிராங்கிளினை மூன்று ஆண்டுகள் வறுத்தெடுத்தது. தொட்டியில் தண்ணீர் ஒரு ராத்திரி தங்கினால் விடிவதற்குள் அடித்தண்டு கொழகொழவென்று அழுகிவிடும். முதல் தண்டு அப்படிப் போனது. இரண்டாவது ஐப்பசி மழையில் போனது. மூன்றாவது அழுகத் தொடங்கியபோது பிளேடால் நல்ல பாகம் வரை சீவி, வெட்டுவாயில் பட்டைத் தூளைத் தடவிக் காப்பாற்றப் பார்த்தார்.

"அது கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு வெச்ச பட்டை!" என்று ரோஸ்மேரி சமையலறையிலிருந்து கத்தினாள்.

"உசுரு போய்கினு கீது, உனக்கு பிரியாணி கேக்குதா?"

உயிரும் போயிற்று, பிரியாணியும் மணக்கவில்லை.

நாலாவது தண்டுக்கு அவர் மண்ணையே நம்பவில்லை. இடித்த வீடுகளின் ஓட்டுத் துண்டுகளையும் செங்கல்லையும் உடைத்து, சல்லடையில் சலித்து, தூளைக் கொட்டிவிட்டு, பட்டாணி அளவு கல்லை மட்டும் எடுத்தார். அதோடு கொஞ்சம் அடுப்புக்கரி. ஒரு கைப்பிடி மக்கிய எரு. லாரித் தண்ணீரில் உப்பு என்பதால், மூன்றாம் வீட்டு ஏசியின் குழாயில் சொட்டும் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டார். (அந்த வீட்டில் பணம் கொழித்து ஏசி போடவில்லை. ஜன்னலைத் திறக்க முடியாததால் போட்டார்கள்.) எப்போது தண்ணீர் விடுவது என்பதற்குத் தண்டைப் பெருவிரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். விறைப்பாக இருந்தால் விடமாட்டார். கன்னம் மாதிரி லேசாகக் குழிந்தால், நாலு மூடி தண்ணீர். தினமும் காலையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கலர் அடிக்கும் பிரஷ்ஷை வைத்து, ஒவ்வொரு பல்லின் இடுக்கிலிருந்தும் சாம்பலைத் தட்டுவார். மனைவிக்குத் தலை வாரிவிட்டறியாத கை அது.

மதிலைப் பார்த்த கைப்பிடிச் சுவரோரம், ஃபைபர் தகட்டுக்குக் கீழே அதை வைத்திருந்தார். காக்கை வந்தால் கோபம். பூனை வந்தால் கோபம். செடிகளுக்கான ஒரு வாட்ஸப் குழுவில் போட்டோ போட்டார். அண்ணா நகரிலிருந்து குழுத் தலைவர், "எண்ணூர் காற்றில் இது பூக்க வாய்ப்பே இல்லை, யாராவது நல்ல ஏரியாவில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்" என்று எழுதினார். பிராங்கிளின் அதற்கு ஒன்பது குரல் பதிவுகள் பேசினார். ஐந்தாவதிலிருந்து எதையும் யாரும் கேட்டிருக்க முடியாது. நாலாவதிலேயே அவரை நீக்கிவிட்டார்கள்.

இந்த ஆவணியில் செடி மொட்டு விட்டது. ஒன்றல்ல, ஐந்து. சின்னச் சின்னப் பொட்டலங்களாக ஊதி, மூன்று வாரம் வளர்ந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் மாடி ஏறியபோது ஐந்தும் திறந்திருந்தன. உள்ளங்கை அகலம். வெளிர் மஞ்சளில் அரக்குப் புள்ளிகள், ஓரத்துக்கு வரவரப் பட்டை பட்டையாக, விளிம்பில் மயிர் மயிராக. ரத்தினக் கம்பளமேதான். பிராங்கிளின் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதே நொடியில் நாற்றம் அடித்தது.

செத்து மூன்று நாளான எதையோ வெயிலில் பிளந்து வைத்த நாற்றம். பிராங்கிளின் நிமிர்ந்தார். மேற்கே மதிலைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அட பேமானிங்களா! மூணு வருசம் பாத்து பாத்து வளத்தேன், எம் பூ பூக்குற அன்னிக்கே வுடுறீங்களாடா?"

அடுத்த வீட்டு மாடியில் குப்பம்மா நெத்திலியை வலைமேல் பரப்பிக்கொண்டிருந்தாள். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "பிராங்கு, உம் மாடில எலி கிலி செத்துகீதா பாரு."

"எலி இல்ல யக்கா. மதிலு."

"மதிலு இப்டி நாறாது நைனா. இது ஒடம்பு நாத்தம். கருவாட்டுலயே பொறந்து கருவாட்டுலயே வளந்தவ நானு, எனக்குத் தெரியாதா?"

"யாருகிட்ட வந்து மூக்கப் பத்திப் பேசற?" என்றார் பிராங்கிளின். குப்பம்மா நெத்திலிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மண்டபத்தில் கைதட்டு வாங்கிய மூக்கோடு வாதம் செய்ய முடியுமா?

முதல் வேலையாகப் பூக்களை விஷக் காற்றிலிருந்து காப்பாற்ற வேண்டும். கீழே ஓடி, ரோஸ்மேரியின் பெரிய அலுமினியக் குண்டானைத் தூக்கி வந்து, தொட்டியை முழுக்க மூடும்படி கவிழ்த்தார். விளிம்பைச் சுற்றி ஈரத்துணியைச் சுருட்டிச் செருகினார். சற்று நேரத்தில் நாற்றம் நின்றது.

"பாத்தியா ரோசு! நான் மேல ஏறி நின்னதும் நிறுத்திட்டான். பயம்."

அரை மணி கழித்துப் பூவுக்கு மூச்சு முட்டுமே என்று குண்டானை எடுத்தார். நாற்றம் வந்தது.

"தோ, வுட்டான்! நான் அந்தாண்ட திரும்பினேன், இந்தாண்ட வுட்டான்! கேமரா வெச்சு என்னையே பாத்துகினு கீறான்."

அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. மாடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, நாற்றம் தொடங்கிய நேரம், நின்ற நேரம் எல்லாவற்றையும் நிமிடக் கணக்கில் எழுதினார். 8.10 வந்தது. 8.40 நின்றது. 9.15 வந்தது. 9.20 நின்றது. தம்முடைய குண்டான் ஏறி இறங்கிய நேரங்களை அத்தனை துல்லியமாக எழுதிய மனிதர் உலகில் வேறு யாரும் இருக்க முடியாது. அந்த அட்டவணையை இணைத்து, மறுநாள் காலை எட்டு மணிக்கு அறுபத்து நாலாவது மனுவைச் செல்போனில் அனுப்பினார். மதிலோரத் தெருவின் பதினோரு வீட்டாரும் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொன்னார்கள்; நாற்றம் ஏழு வீடு தாண்டியிருந்தது.

பதினோரு மணிக்கு வந்துவிட்டார்கள்.

இந்த வரியை வாசகர்கள் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். தெருவே கடற்கரைக்கு ஓடியபோது வராதவர்கள். ரோஸ்மேரி மூக்கில் குழாயோடு கிடந்தபோது வராதவர்கள். அறுபத்து மூன்று முறை வராதவர்கள், அறுபத்து நாலாவது முறை மூன்றே மணி நேரத்தில் இரண்டு ஜீப்புகளில், கையில் கருவியோடும் வீடியோ எடுக்கும் ஆளோடும் வந்து இறங்கினார்கள். தொழிற்சாலையின் மக்கள் தொடர்பு அலுவலர் வெள்ளைச் சட்டையில், எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தபடி வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு ஆனந்தம்.

ஆனந்தத்தின் காரணத்தை அவரே சொன்னார். "மேடம், வருடாந்தர பராமரிப்புக்காக எட்டு நாளா மொத்த ஆலையும் நிக்குது. ஒரு பாய்லர்கூட ஓடல. நீங்களே உள்ள வந்து பாக்கலாம்."

குற்றம் செய்யாத ஒரே வாரத்தில் குற்றம் சாட்டப்படும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதை வீணாக்க அவர்கள் தயாராக இல்லை.

மேடம் என்பது காற்றுக் குறைதீர் அலுவலகத்தின் உதவிப் பொறியாளர் கீர்த்தி. முப்பது வயது இருக்கும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ஆமாம் சார். எல்லாம் நின்னுதான் இருக்கு."

"நீங்க வர்றீங்கன்னு நிறுத்தியிருப்பான்மா!" என்று பிராங்கிளின் கத்தினார். "ராத்திரில ஓட்றான்! பகல்ல நிறுத்தறான்! தோ, டைம் எழுதி வெச்சிருக்கேன் பாருங்க!"

"எட்டு நாளா பாய்லர் ஆறிக் கெடக்கு சார். தொட்டுப் பாத்தேன்."

"அப்போ நேத்துலேர்ந்து அடிக்கிற நாத்தம் எங்கேர்ந்து வருது? ஆகாசத்துலேர்ந்தா?"

நியாயமான கேள்வி. கீர்த்தியின் கையில் இருந்த படிவத்திலும் அதே கேள்வி இருந்தது. 'நாற்றத்தின் மூலம்' என்று ஒரு கட்டம். காலியாக விடக் கூடாது என்று அடியில் அச்சடித்திருந்தது. மக்கள் தொடர்பு அலுவலர் மெல்லத் தொண்டையைச் செருமினார். பக்கத்து வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தார், அவ்வளவுதான். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. வலைமேல் நெத்திலி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

பெரிய மதில் ஒன்றும் சின்னக் கூடை ஒன்றும் எதிரெதிரே இருந்தால், சட்டத்தின் கை எந்தப் பக்கம் நீளும் என்பதற்கு அறிவியல் தேவையில்லை.

அரை மணியில் ஒரு குட்டியானை வண்டி வந்தது. குப்பம்மாவின் முற்றத்திலிருந்து பத்துக் கூடை கருவாடு ஏற்றப்பட ஆரம்பித்தது. இனி அந்த மாடியில் மீன் காய வைக்கக் கூடாது என்று நோட்டீஸ் எழுதப்பட்டது. மழை தொடங்குவதற்குள் காய்ந்து கூடையில் இருந்தால்தான், ஐப்பசி கார்த்திகை இரண்டு மாதமும் திருவொற்றியூர் மார்க்கெட்டில் குப்பம்மா கடை விரிக்க முடியும். அவளுக்கு அது ஒன்றுதான் அடுப்பு.

"முப்பது வருசமா காய வெக்கிறேன்!" குப்பம்மா கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பல்லாம் இல்லாத நாத்தம் இன்னிக்கு எப்டிம்மா வந்துச்சு? மோந்து பாரு! இது உப்பு வாசன. நாத்தமா இது? உங்க வூட்டுல கருவாடு துன்னதில்ல நீயி?"

கீர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுதினாள்.

பிராங்கிளின் நடுவே புகுந்தார். "இது கருவாடு இல்லம்மா! சத்தியமா இல்ல! கருவாடு வேற, இது வேற. நான் சொல்றேன். என் மூக்கு சொல்லுது!"

"உங்க மூக்கு காலைல ஃபேக்டரின்னு சொல்லிச்சே சார்?" என்றார் மக்கள் தொடர்பு அலுவலர், மிகவும் பணிவாக. வீடியோ எடுத்தவன் சிரித்துவிட்டான். தெருவில் சிலரும் சிரித்தார்கள். மனுவில் பெயர் கொடுத்தவர்களில் ஒருவர்கூட அவர் பக்கம் வந்து நிற்கவில்லை.

பிராங்கிளின் மாடிக்கு ஏறினார். இல்லாவிட்டால் கீழே யாரையாவது அடித்திருப்பார். டாக்டர் சொன்னபடி மனசு அமைதியாவதற்குச் செடியைப் பார்க்க வேண்டும். குண்டானைத் தூக்கினார். ஐந்து கம்பளங்கள். மேலே பச்சை ஈக்கள் நாலு வந்து உட்கார்ந்தன.

கீழேயிருந்து வண்டிக்காரன் குரல் கேட்டது. "தோ, இப்ப வருது பாருங்க மேடம்! இந்தக் கூடையிலேர்ந்துதான்!"

ஈக்களை விரட்டிவிட்டுக் குண்டானைக் கவிழ்த்தார்.

"இப்ப இல்லையே," என்றாள் கீர்த்தி, சற்று நேரம் கழித்து.

பிராங்கிளினின் கை குண்டானின் மேலேயே நின்றது. யோசித்தார். தூக்கினார். எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று... இருபது.

"வருது மேடம்!"

கவிழ்த்தார். காத்திருந்தார்.

"போயிடுச்சு."

நோட்டுப் புத்தகம் பக்கத்தில் கிடந்தது. 8.10 வந்தது, 8.40 நின்றது. அவர் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை குண்டானைத் தூக்கிக் கீழே வைத்தார். முழங்காலிட்டார். இரண்டு நாளாகத் தம் மூச்சுக்காற்றுகூடப் படக் கூடாதென்று தள்ளியே நின்று பார்த்த பூவின் மேல் குனிந்து, மூக்கை நடுவில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார்.

ஓங்கரித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

படிக்கட்டில் ரோஸ்மேரி நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் விளங்கிவிட்டது தெரிந்தது.

"இந்தாங்க," என்றாள் மெதுவாக, "குண்டான மூடிடுங்க."

"யக்கா கூடைய ஏத்திகினு கீறானுங்க ரோசு."

"தெரியுது. நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நீங்க போயி இத்த சொல்லிட்டீங்கன்னா, நாளைக்கு அவன் நெஜமாவே வுட்டாலும், 'உம் பூவுதான்'னு சொல்வான். நாப்பத்தொண்ணாம் மனுவையும் பூவுன்னு சொல்வான். நான் மூச்சு முட்டிக் கெடந்தது பூவுனாலயான்னு கேப்பான். கேப்பானா இல்லையா?"

"கேப்பான்."

"அப்புறம்?"

பிராங்கிளின் திரும்பி மதிலைப் பார்த்தார். அது எட்டு நாளாக மூச்சு விடாமல், நல்ல பிள்ளையாக, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் அவருக்கு வாழ்நாளில் வராத கோபம் வந்தது. பொய் சொன்னபோதெல்லாம் ஜெயித்தது. இன்று உண்மையைச் சொல்லியும் ஜெயிக்கப்போகிறது.

கீழே குப்பம்மா அழ ஆரம்பித்திருந்தாள். அவள் அழுது தெருவில் யாரும் கேட்டதில்லை.

பிராங்கிளின் தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ரோஸ்மேரி வழியை மறிக்கவில்லை. படியில் ஒதுங்கி நின்று, அவர் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

தெருவில் அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக ஜீப்பின் முன்னால் போய், பானெட்டின் மேல் தொட்டியை வைத்தார். கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்வாங்கியது. கீர்த்தி குனிந்தாள், உடனே நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அந்தப் படிவத்தக் குடும்மா," என்றார். வாங்கி, 'நாற்றத்தின் மூலம்' என்ற கட்டத்தில் குப்பம்மாவின் பெயரை அடித்துவிட்டு எழுதினார். மனு எழுதிப் பழகிய கை. எழுத்து தெளிவாக இருந்தது. 'மேற்படி நாற்றம் என் வீட்டு மாடியில் பூத்த பூவினுடையது. ஃபேக்டரியும் இல்லை, கருவாடும் இல்லை. என் மூக்கு தவறிவிட்டது. பிராங்கிளின்.'

மக்கள் தொடர்பு அலுவலர் செல்போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டார். ஒரு முறை அல்ல, மூன்று முறை.

கீர்த்தி பிராங்கிளினைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனாள். குரலைத் தாழ்த்தினாள். "சார், இது ஃபைல்ல ஏறிடுச்சுன்னா, இனிமே நீங்க எழுதற எதையும் யாரும் படிக்கக்கூட மாட்டாங்க."

"இதுவரைக்கும் படிச்சாங்களாம்மா?" என்றார் பிராங்கிளின். கத்தவில்லை. தெரியாமல் கேட்கிறவரைப் போலத்தான் கேட்டார்.

அவள் நோட்டீஸைக் கிழித்தாள்.

வண்டிக்காரன் பின்கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றான். இறக்குவது அவன் வேலையில் சேர்த்தியில்லையாம். பிராங்கிளின் வண்டியில் ஏறி, முதல் கூடையை விளிம்புக்கு இழுத்தார். கீழே குப்பம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, நான் மோந்தது தப்பு."

"இன்னா சொன்ன? காதுல வுழல."

"தப்புன்னேன்."

குப்பம்மா கூடையின் அடியில் கை கொடுத்தாள்.

"அந்தாண்ட புடி," என்றாள். "சாய்க்காத."

சாய்க்காமல் பிடித்தார்.